செல்லாக் காசுக்கு என்ன விலை?

பத்தாம் வகுப்பு மாணவி

பழைய பொருள் என்றாலே விலையுயர்ந்த பொருள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் சரியானால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த 1918ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய், ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயைக் காட்டிலும் அதிக விலை பெற வேண்டும். இரண்டும் ஒரே எடை. இரண்டிலும் ஒரே அளவு வெள்ளி. ஆனால் மூத்ததை எந்த நாணய வியாபாரியும் கைநிறைய அள்ளிக் காட்டுவார். இளையதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு! ஏன் இப்படி? இக்கேள்விக்கு விடை தேடி வந்த ஒரு நாளைப் பற்றித்தான் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

எங்கள் திருச்சியில் சேகரிப்பாளர்கள் பலர் ஒன்றுகூடி ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாட்கள் கண்காட்சி நடத்தினார்கள். தபால்தலை, நாணயம், பழைய ரூபாய் நோட்டு, தீப்பெட்டிப் படம், விளையாட்டு அட்டை என்று வகை வகையாக மேசைகள் போட்டிருந்தார்கள். பாதி மேசைகள் பார்வைக்கு மட்டும். மீதி, வாங்கவும் விற்கவும் மாற்றிக்கொள்ளவும். வரலாறு கற்பிக்கும் எங்கள் சிஸ்டர் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகள் முப்பது பேரை அழைத்துச் சென்றார்கள். "கேட்காமல் எதையும் தொடக்கூடாது. தொட்டால் விளிம்பைத்தான் தொட வேண்டும்" என்பது வாயிலிலேயே எங்களுக்குக் கிடைத்த கட்டளை. மணமேடை இருக்குமிடத்தில் கண்ணாடிச் சட்டங்கள் நின்றன. சாப்பாட்டுக் கூடத்தில்தான் வியாபாரம். பந்திக்கு உட்கார்ந்தாற்போல் வரிசையாக வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் நம்புங்கள்.

முதலில் தபால்தலைகளைப் பார்த்தோம். உலகின் முதல் தபால்தலை இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் கட்டணம் செலுத்த வேண்டும். எவ்வளவு தூரம், எத்தனை தாள் என்று கணக்குப் பார்த்து வசூலிப்பார்கள். ஏழை வீட்டுக்குக் கடிதம் வந்தால் அது மகிழ்ச்சியா, செலவா என்று தெரியாத காலம் அது. ரோலண்ட் ஹில் என்பவர், அனுப்புகிறவரே முன்கூட்டிப் பணம் கட்டட்டும், தூரம் எதுவானாலும் ஒரே கட்டணமாக இருக்கட்டும் என்று யோசனை கூறினார். அதன் பயனாகப் பிறந்ததே விக்டோரியா அரசியின் முகம் தாங்கிய கறுப்புநிறத் தலை. இதனைப் 'பென்னி பிளாக்' என்பார்கள்.

உலகின் முதல் தபால்தலையாயிற்றே, கோடி ரூபாய் இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் சிரித்தார். அதை ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம் அச்சடித்தார்களாம். அன்றைய மக்களில் பலர் கடிதத்தைப் பத்திரப்படுத்தியும் வைத்தார்கள். ஆகையால் இன்றும் அது உலகச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. விலை உண்டு, ஆனால் அரிதிலும் அரிது என்று சொல்ல முடியாது.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் இளையது நம் நாட்டின் 'சிந்து டாக்'. 1852ஆம் ஆண்டு சிந்து மாகாணத்தில் பார்ட்டில் ஃப்ரியர் என்ற ஆங்கில அதிகாரி வெளியிட்டது. ஆசியாவிலேயே முதல் தபால்தலை. வட்ட வடிவம், அரையணா விலை. முதலில் சிவப்பு அரக்கில் பொறித்தார்கள். அரக்கு என்ன ஆகும்? கடிதத்தை மடித்தால் நொறுங்கும்; பையில் கிடந்தால் உடையும். பிறகு வெள்ளைக் காகிதத்திலும் நீல நிறத்திலும் செய்தார்கள். 1854இல் நாடு முழுவதற்கும் பொதுவான தலைகள் வந்தபின் இது நின்றுபோயிற்று. வெளிவந்தது சில ஆண்டுகளே, அதிலும் உடைந்தது போக மிஞ்சியது கொஞ்சமே. ஆகவே சிவப்பு அரக்குத் தலைக்குச் சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள். எத்தனை பிறந்தன என்பதைவிட எத்தனை பிழைத்தன என்பதே கணக்கு என்று அந்தப் பெரியவர் கூறியதை என் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். 1854ஆம் ஆண்டின் நாலணாத் தலைக்கு இரண்டு நிறம்: சட்டம் சிவப்பு, அரசியின் தலை நீலம். இரண்டு நிறத்துக்கும் தாளை இரண்டு முறை அச்சுக்குள் செலுத்த வேண்டும். இரண்டாம் முறை சில தாள்களைத் தலைகீழாகச் செலுத்திவிட்டார்கள். நேரான சட்டத்துக்குள் அரசி தலைகீழாய்த் தொங்குகிறாள்! அப்பிழைத் தலைகளில் மிகச் சிலவே இன்று உள்ளன. உலகப் புகழ் பெற்றவை அவை. நம் தேர்வுத்தாளில் ஒரு பிழை செய்தால் அரை மதிப்பெண் போகிறது. அச்சகத்தார் செய்த பிழைக்கோ பல லட்சம்! இது என்ன நியாயம் என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். "அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, நீ படிக்காமல் செய்கிறாய்" என்று சிஸ்டர் பதில் கூறினார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21ஆம் நாள் வெளிவந்தது. நம் மூவர்ணக் கொடியும் 'ஜெய் ஹிந்த்' என்ற எழுத்துமாக மூன்றரையணாத் தலை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகள் நினைவாக நான்கு தலைகள் வந்தன. அவை சுவிட்சர்லாந்தில் அச்சானவை. அவற்றுள் பெரியது 10 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஒரு தபால்தலைக்காக யார் 10 ரூபாய் செலவழிப்பார்கள்? எனவே வாங்கியோர் குறைவு. அந்தப் பத்து ரூபாய்த் தலையிலேயே, கவர்னர் ஜெனரலின் அலுவல் உபயோகத்துக்கென்று 'சர்வீஸ்' என மேலே அச்சிட்டவை நூறு மட்டுமே. அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் 5 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. நாங்கள் கண்டது அதன் படத்தைத்தான். உண்மைத் தலை மண்டபத்தில் இருந்திருந்தால் வாயிலில் போலீஸார் நின்றிருப்பார்கள்.

அன்னை தெரேசா அவர்கள் 1979இல் நோபல் பரிசு பெற்றார்கள் அல்லவா? மறு ஆண்டே, 1980 ஆகஸ்ட் 27 அன்று, நம் அரசு அவர்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. விலை 30 காசு. உயிரோடு இருப்பவருக்குத் தபால்தலை வெளியிடுவது நம் நாட்டில் மிக அபூர்வம். ஆனால் ஏராளமாக அச்சிட்டதால் அதனை இன்றும் சொற்ப விலைக்கு வாங்கலாம். சிஸ்டர் அதைப் பத்து ரூபாய் கொடுத்து வாங்கி, மெல்லிய காகித உறையில் போட்டு, கைப்பைக்குள் வைத்ததை நாங்கள் அனைவரும் பார்த்தோம். சந்தை விலை ஒன்று, வாங்குகிறவர் மனத்தில் உள்ள விலை இன்னொன்று என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டுமோ?

நாணயப் பகுதியில் கூட்டம் அதிகம். மேடையில் கண்ணாடிக்குள் முதலில் இருந்தது ரோமானிய வெள்ளிக் காசின் பெரிதாக்கிய புகைப்படம். திபேரியு மன்னன் தலை பொறித்தது. நற்செய்தியில் இயேசுவிடம் வரி கொடுப்பதைப் பற்றிக் கேட்டபோது அவர் ஒரு காசைக் காட்டச் சொல்லி, இதிலுள்ள உருவம் யாருடையது என்று வினவினார் அன்றோ? அந்தக் காசு இவ்வகையைச் சேர்ந்ததாயிருக்கும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இதே வகைக் காசுகள் நமது கொங்கு நாட்டிலும் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. நம் மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் துணிக்கும் விலையாக யவனர் கப்பலில் கொண்டுவந்து கொட்டிய காசு! யெருசலேமில் ஒருவர் கையில் புரண்ட காசின் உடன்பிறப்பு கரூரில் மண்ணுக்குள் கிடந்தது என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்த்தது.

அதன் பக்கத்தில் 'பெருவழுதி' காசின் படம். சங்கப் பாடல்களில் பாண்டியர் பெயராக நாம் படிக்கிறோமே, அதே பெயர். சங்ககால வேந்தர்கள் தங்கள் பெயரிலேயே காசு வெளியிட்டார்களா என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது. 1980களில் 'தினமலர்' ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் தம் சேகரிப்பிலிருந்த ஒரு சிறிய செப்புக் காசில் பெருவழுதி என்ற பெயர் பண்டைத் தமிழ் எழுத்தில் இருப்பதைப் படித்து வெளியிட்டார். அந்த ஐயம் தீர்ந்தது. பழைய காசைக் கண்டால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதைச் செய்திருந்தால் மெல்லிய எழுத்துக்கள் மறைந்தே போயிருக்கும். செம்பின் மேல் படியும் பச்சையும் பழுப்பும் அழுக்கு என்று நினைக்கிறோம். அது காசு தானாகப் போர்த்திக்கொண்ட போர்வை. அதைத் தேய்த்து எடுத்த காசைச் சேகரிப்பாளர்கள் முகம் சுளித்துத் தள்ளிவிடுகிறார்கள். ஆகவே தாய்மார்களே, புளியைக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!

பிறகு அணாக் காலம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா, ஒரு பைசாவுக்கு 3 பை. ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. கணக்குப் பாடத்தில் இதைப் போட்டுப் படித்த நம் பாட்டி தாத்தாக்களுக்கு ஒரு கும்பிடு. 1957 ஏப்ரல் 1 முதல்தான் ரூபாய்க்கு நூறு காசு என்றாயிற்று. பழைய பைசாவோடு குழம்பாமலிருக்க 1964 வரை 'நயா பைசா' என்றே அழைத்தார்கள். கணக்கு மாறினாலும் வாய் மாறவில்லை. ஐம்பது காசை எட்டணா என்றும் இருபத்தைந்து காசை நாலணா என்றும் எங்கள் வீட்டில் இன்றும் கூறுகிறார்கள். அந்த நாலணா 2011 ஜூன் 30க்குப் பின் செல்லாதென்று ஆகிவிட்டது. நடுவில் ஓட்டையுள்ள காலணாவையும் கண்டோம். இரண்டாம் உலகப் போரில் செம்பு பற்றாக்குறை. அதனால் 1943 முதல் காசின் நடுவே துளையிட்டு உலோகத்தை மிச்சப்படுத்தினார்கள். ஒரு தட்டு நிறைய ஓட்டைக் காலணாக்கள், ஒன்று இருபது ரூபாய். வாங்கிய எங்கள் பெண்களில் பலர் அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேருந்தேறினார்கள்.

இனி நான் எழுதப்போவது இக்கண்காட்சிக்கு நான் சென்றதன் முக்கிய காரணம்.

எங்கள் தெருமுனையில் இட்லியும் ஆப்பமும் சுட்டு விற்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவரிடம் மாதா வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. அந்த நாணயம் உங்களிடம் இருந்தால் பத்து லட்சம் தருகிறோம் என்று கைப்பேசியில் ஒரு வீடியோ வந்ததாம். பேரன் உதவியோடு நாணயத்தைப் படமெடுத்து அனுப்பினார். ஒருவன் மிகவும் மரியாதையாகப் பேசினான். ரிசர்வ் வங்கிச் சின்னம் போட்ட ஒரு கடிதமும் வந்தது. பதிவுக் கட்டணம் 1,550 ரூபாய் என்றான், பாட்டி கட்டினார். அடுத்து, வரியாக 6,800 ரூபாய் கட்டினால்தான் பணம் வரும் என்றான். திங்கட்கிழமை தோட்டை அடகு வைப்பதாகப் பாட்டி முடிவு செய்திருந்தார். கண்காட்சி சனிக்கிழமை. "நீ போற இடத்துல இதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா கண்ணு" என்று ஒரு சுருக்குப்பையை என் கையில் கொடுத்தார். சிஸ்டரின் அனுமதியோடு அதை எடுத்துச் சென்றேன்.

நாணய மேசையிலிருந்த வயதான சேகரிப்பாளர் அந்த ஐந்து ரூபாயைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கீழேயிருந்து ஒரு தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் அதே நாணயம், ஒன்றல்ல இரண்டல்ல, ஐம்பதுக்கு மேல் இருக்கும்! 2012ஆம் ஆண்டு அக்கோயில் நிர்வாக வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக அரசு வெளியிட்டுப் புழக்கத்தில் விட்ட நாணயம் அது. "கை படாமல் புதுசாக இருந்தால் இருபது, முப்பது ரூபாய் கிடைக்கும். இது தேய்ந்துவிட்டது. ஐந்து ரூபாய்க்கு மிட்டாய் வாங்கலாம்" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நாங்கள் நாற்பது வருஷமாக வாங்குகிறோம். வாங்குகிறவன் எங்கேயாவது விற்கிறவரிடம் பணம் கேட்பானா?" என்று கேட்டார்.

சுற்றி நின்ற நாங்கள் அனைவரும் மௌனமாகிவிட்டோம். இவ்வளவு எளிய கேள்வி நம் எவருக்கும் ஏன் தோன்றவில்லை?

இவ்விதம் ஏமாந்தவர் அந்தப் பாட்டி ஒருவர் மட்டுமல்லர். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி, பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி என்று பணம் பறிக்கிறார்கள், தான் அத்தகைய வியாபாரம் எதுவும் செய்வதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவுமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. ஏமாற்றுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் நாணயங்களைக் கவனியுங்கள். எந்த வீட்டு உண்டியலிலும் இருக்கக்கூடிய நாணயம்தான் அவர்களுக்குத் தேவை. உண்மையிலேயே அரிய நாணயத்தைக் கேட்டால் யாரிடம் இருக்கும்? தூண்டிலில் யார் மாட்டுவார்கள்?

சுருக்குப்பையில் இன்னொன்றும் இருந்தது. 1918ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய், மேலே வளையம் பற்றவைத்தது. பாட்டியின் தாயார் கழுத்தில் கோத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். பெரியவர் சிறிய தராசில் நிறுத்தார். அக்கால ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. இது வளையத்தோடு சற்றுக் கூடுதலாக இருந்தது. ஒரு காந்தத்தையும் அருகில் கொண்டுபோனார், ஒட்டவில்லை. 1947ஆம் ஆண்டு ரூபாயை வைத்தபோது டக்கென்று ஒட்டிக்கொண்டது. அது நிக்கல். (வெள்ளியைக் காந்தம் இழுக்காது, நிக்கலை இழுக்கும் என்று பௌதிகப் பாடத்தில் படித்தது அன்றுதான் உபயோகப்பட்டது.) வளையம் பற்றவைத்ததால் சேகரிப்பாளர்களுக்கு இது வேண்டாம், ஆனால் வெள்ளிக்கு உள்ள விலை எப்போதும் உண்டு, கடையில் யாரும் குறைத்துச் சொன்னால் இந்தச் சீட்டைக் காட்டச் சொல் என்று எடையையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கூலி எதுவும் வாங்கவில்லை.

திங்கட்கிழமை அந்த மரியாதைக்காரன் மறுபடியும் பேசினானாம். பாட்டி கூறிய பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "அந்த வரியைப் பத்து லட்சத்துலேயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பு தம்பி." இணைப்பு துண்டிக்கப்பட்டது, அப்புறம் அழைப்பே வரவில்லை. என் தந்தையார் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்தார். முன்பு கட்டிய 1,550 ரூபாய் இதை எழுதும் நாள்வரை திரும்பவில்லை. தோடு பாட்டியின் காதிலேயே இருக்கிறது.

நீங்களும் உங்கள் உண்டியலைக் கவிழ்த்து ஒரு காரியம் செய்யலாம். நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வைரவடிவம் இருந்தால் மும்பை, சிறு புள்ளி இருந்தால் நொய்டா, எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா நாணயச்சாலையில் பிறந்தது. ஒரே ஆண்டு நாணயத்தை நான்கு சாலையிலிருந்தும் சேர்ப்பது செலவில்லாத பொழுதுபோக்கு. மண்ணைத் தோண்டும்போது பழங்காசு கிடைத்தால் மட்டும் நமதென்று வைத்துக்கொள்ளக் கூடாது. புதையலைப் பற்றி 1878ஆம் ஆண்டே சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்திருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. நம் பக்கத்துச் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதற்கு முன் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பெட்டிகள்தாம் நம் அடுப்பைப் பற்றவைத்தன. யானை, மயில், கப்பல், சிறுத்தையோடு சண்டையிடும் வீரன் என்று எத்தனை படங்கள்! எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டுமல்லவா? 2021 டிசம்பரில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனதே, அந்த இரண்டு விலைகளையும் அருகருகே ஒட்டி வைத்திருந்தார். சாலையோரம் பொறுக்கியவையே பாதி என்று பெருமையோடு கூறினார். மண்டபத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த மேசை அதுதான், விற்பனைக்கு ஒன்றுமில்லை.

கடைசி மேசையில் மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் அட்டைகள் வைத்திருந்தார். சிகரெட் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே செருகிய அட்டையில் படம் அச்சிடத் தொடங்கியதே இவ்வழக்கத்தின் ஆரம்பமாம். பின்பு மிட்டாய், சூயிங்கத்தோடு விளையாட்டு வீரர் படங்கள் வந்தன. அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று, 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. விற்காமல் தங்கிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் படகிலேற்றிக் கடலில் கொட்டியதாக அந்நிறுவன ஊழியரே பின்னாளில் கூறியிருக்கிறார். பிழைத்தவற்றின் கணக்கு இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். அந்த மாணவரிடம் இருந்தவை பெரும்பாலும் போக்கிமான் அட்டைகள். 1996இல் ஜப்பானில் பிறந்தவை. அட்டையின் நான்கு மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்துள்ளதா என்பன பார்த்து ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போடும் நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. மதிப்பெண் பெற்ற அட்டையைக் கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். "இதை வைத்து நீ விளையாட மாட்டாயா தம்பி?" என்று சிஸ்டர் கேட்டார்கள். "விளையாடினால் மூலை மழுங்கிவிடும் சிஸ்டர்" என்றார் அவர். விளையாடுவதற்கென்றே பிறந்த அட்டை விளையாடாமலிருந்தால்தான் விலை என்பது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஒவ்வொன்றையும் எந்த ஊரில் யாரிடம் எதைக் கொடுத்து மாற்றினேன் என்று மனப்பாடமாக ஒப்பித்ததைக் கேட்க நன்றாகவே இருந்தது.

இதையெல்லாம் பார்த்தபின் எங்களில் பதினொரு பேர் தபால்தலை சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். பணம் தேவையில்லை. உறையிலிருந்து தலையைக் கிழித்து எடுக்கக் கூடாது. சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி, சுத்தமான நீரில் மிதக்கவிட வேண்டும். கால் மணி நேரத்தில் தானாக நழுவும். பின்பு மை உறிஞ்சும் தாளில் கவிழ்த்து உலர்த்தி, தடித்த புத்தகத்துக்குள் வைத்து அழுத்த வேண்டும். விரலில் எண்ணெயும் வியர்வையும் உண்டு; ஆகையால் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பசை தடவி நோட்டில் ஒட்டுவது தலைக்குச் செய்யும் கொலை. ஆல்பத்தில் செருகிவைக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள தங்கைகளுக்கு ஒரு செய்தி. தபால்தலை சேகரிக்கும் மாணவர்களுக்கென 2017இல் அஞ்சல்துறை 'ஸ்பர்ஷ்' என்னும் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. போட்டியில் தேர்வு பெறுவோருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். பள்ளியில் தபால்தலை மன்றம் இருப்பது அதற்கு நல்லது. நான் பத்தாம் வகுப்பு. எனக்கு அந்த வாய்ப்பு ஓராண்டில் தவறிவிட்டது. உங்களுக்குத் தவற வேண்டாம்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய கடிதங்கள் இருந்தால், குறிப்பாக 1957க்கு முன் அணாத் தலை ஒட்டி வந்தவை இருந்தால், தலையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். எந்த ஊரில், எந்த நாளில் முத்திரை குத்தினார்கள் என்பது உறையில்தான் இருக்கிறது. உள்ளே உள்ள கடிதத்தை நீங்கள் வைத்துக்கொண்டு உறையை முழுதாக அனுப்பி வையுங்கள். நூலக வாயிலில் இதற்கென ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம்.